இலவசமாகக் காபி மெஷின் தருகிறார்களாம், வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 28 பேர். காபி மெஷின் வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு ஏஜென்ட், மெஷின் இலவசம், காபிக்கொட்டையை மட்டும் தன்னிடம் வாங்கினால் போதும் என்கிறார். வீட்டுக்கு வாங்கும் ஆட்டோமேட்டிக் மெஷினே போதும் என்கிறார் இன்னொருவர். ஒரு கப்புக்கான தூளை அடைத்த சின்ன டப்பியைப் போட்டு இறக்கும் கேப்சூல் மெஷின்தான் தொல்லையில்லாதது என்று எங்கள் மேலாளர் அடித்துச் சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: முதலில் அந்த 28ஐத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஏஜென்டுகள் கேட்கும் முதல் கேள்வியே ‘எத்தனை பேர்?’ என்பதுதான். மெஷினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காலையில் எல்லோரும் ஒன்றாக எழுந்து வருவார்களே, அந்தக் கால் மணி நேரத்தில் எத்தனை கப் வேண்டும் என்பதுதான் கணக்கு. மூன்று நாள் நின்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வரலாம். அந்தப் பன்னிரண்டையே வைத்துப் பேசுவோம்.

வீட்டு ஆட்டோமேட்டிக் மெஷின் கொட்டையை அரைத்து, காபி இறக்கி, பாலையும் நுரைத்துக் கொடுக்க ஒரு கப்புக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பன்னிரண்டாவது ஆள் கால் மணி நேரம் நிற்பார். தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் இரண்டு லிட்டருக்குள்தான் இருக்கும். மெஷின் தன்னைக் கழுவிக்கொள்வதும் அதே தண்ணீரில்தான். ஆகவே வரிசையின் நடுவிலேயே ‘தண்ணீர் ஊற்று’ என்று விளக்கு எரியும். ஊற்றி முடித்தால் ‘சக்கையைக் கொட்டு’ என்று அடுத்த விளக்கு. நிற்பவர்கள் மெஷினைத் திட்டமாட்டார்கள், உங்களைத்தான் திட்டுவார்கள். அப்புறம் வாரண்டி. வீட்டு மெஷின்களின் வாரண்டித் தாளில் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். பில் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் அதையே காட்டிக் கையை விரித்துவிடுவார்கள். பெட்டியின் மேல் 15 பார், 19 பார் என்று அழுத்தக் கணக்கைப் போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்காதீர்கள். அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரஸோ காபிக்கு வேண்டியது 9 பார்தான்.

இப்போது அந்த இலவச மெஷின். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மெஷினின் விலை கொட்டையின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, வியாபாரம் அப்படித்தான். வில்லங்கமெல்லாம் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. மாதம் குறைந்தது இத்தனை கிலோ எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். ஆள் குறைந்தாலும், பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும், அந்தக் கிலோ குறையாது. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று கெடு. கெடு முடிவதற்கு இத்தனை நாள் முன்பே எழுதிக் கொடுக்காவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேறு கொட்டை போட்டால் பழுது பார்க்க வரமாட்டார்கள். ஒரு அலுவலகத்தில் அலமாரி முழுக்கப் பிரிக்காத கொட்டைப் பைகளைப் பார்த்தேன், எல்லாம் வறுத்து ஒரு வருடம் ஆனவை. குடிக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. கையெழுத்துப் போட்டவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது.

உங்கள் ஏஜென்டிடம் இதை மட்டும் கேளுங்கள்: இதே மெஷினை விலைக்கு வாங்கினால் எவ்வளவு, இதே கொட்டையைத் தனியாக வாங்கினால் கிலோ எவ்வளவு? எழுதிக் கொடுக்கத் தயங்கினால் வாசல்வரை போய் மரியாதையாக வழியனுப்பிவிட்டு வாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது பழைய சமாசாரம்தான். சொட்டுச் சொட்டாக இறக்கும் டிரிப் மெஷின், ஆனால் அலுவலகங்களுக்கென்றே செய்தது. கண்ணாடிக் குடுவையும் சூடுதட்டும் வேண்டாம், கீழே ஃபிளாஸ்க் வைக்கும் மாடலாகப் பாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர், 120 கிராம் தூள் போட்டால் ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிடும். தண்ணீர் 92 முதல் 96 டிகிரி வரை சூடேறுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மலிவு மெஷின்கள் கோட்டைவிடுவது அங்கேதான். சூடுதட்டில் அரை மணி நேரம் கிடந்த காபி கசந்துபோகும். ஃபிளாஸ்கில் ஒரு மணி நேரமாவது தாக்குப்பிடிக்கும். கடையில் ‘12 கப்’ என்றால் நம்பாதீர்கள். அவர்கள் கணக்கில் ஒரு கப் 125 மில்லி அளவுதான், உங்கள் ஆட்கள் கொண்டுவரும் குவளையோ 250 பிடிக்கும். லிட்டரில் கேளுங்கள்.

ஃபிளாஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று காலியாகும்போது மற்றொன்று தயாராக இருக்க வேண்டும். காலிக் குடுவை சாதாரண விஷயம் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுக்கூடத்தில் 1991இல் காபிக் குடுவையை நோக்கி ஒரு கேமராவையே பொருத்தினார்கள். மாடி ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தால் குடுவை காலியாக இருக்கிறதே என்ற எரிச்சல்தான் காரணம். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது, 2001 வரை ஓடியது. உங்களுக்குக் கேமரா வேண்டாம், இரண்டாவது ஃபிளாஸ்க் போதும்.

பால் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், வேண்டியவர்கள் சூடாக்கி ஊற்றிக்கொள்ளட்டும். மெஷினுக்குள் பால் ஓடினால் அந்தக் குழாயைத் தினமும் கழுவியாக வேண்டும். யார் கழுவுவது என்று கூட்டம் போட்டாலும் உங்கள் அலுவலகத்தில் முடிவு வராது.

தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் மெஷினுக்குள் சுண்ணாம்பு படியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிட்ரிக் அமிலக் கரைசலை ஓட்டிக் கழுவினால் சரியாகிவிடும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். இங்கேதான் கொஞ்சம் பொறுங்கள். சில மெஷின்களின் கொதிகலனுக்குள் ஒரு கம்பி இருக்கும். தண்ணீர் மட்டம் ஏறி அதைத் தொட்டால் லேசாக மின்சாரம் பாயும், அதை வைத்துத்தான் நிரம்பிவிட்டது என்று மெஷின் தெரிந்துகொள்கிறது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. கொதிகலன் நிரம்பி வழிந்தாலும் மெஷின் ‘இன்னும், இன்னும்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பழுதுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பம்பையே மாற்றினேன், மடத்தனம். இரண்டாம் முறை ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பார்த்தேன், உடனே அடங்கிவிட்டது. (நீங்கள் உப்புப் போடாதீர்கள், உள்ளே அரிக்கும்.) போதாக்குறைக்கு அந்தத் தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் தாது சேர்க்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். கையால் தண்ணீர் ஊற்றும் டிரிப் மெஷின்களில் பெரும்பாலும் அந்தக் கம்பி இருக்காது. இருந்தாலும் கேட்டுவிடுங்கள், விற்பவரிடம் அல்ல, சர்வீஸ்காரரிடம்.

மெஷின் 2000 வாட்டைத் தாண்டக்கூடும். பிரிண்டர் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதையும் செருகாதீர்கள்.

உங்கள் கொள்முதல் பிரிவு மூன்று கொட்டேஷன் கேட்கும், ஆகக் குறைந்ததை டிக் அடிக்கும். எந்த நிறுவனத்திலும் இந்தக் கூத்து மாறியதில்லை. பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், அதுவரை மாற்று மெஷின் தருவார்களா என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இருக்காது. நீங்களே ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

கேப்சூல் விஷயம் பாக்கி. ஒன்றில் ஐந்தாறு கிராம் தூள்தான் இருக்கும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் கண் பிதுங்கும், பன்னிரண்டு பேருக்குக் கட்டவே கட்டாது. நாளைக்கு நாலைந்து கப் என்றால் நல்ல சாமான்தான். மேலாளர் விடாப்பிடியாக நின்றால் அவர் அறைக்கு மட்டும் ஒன்று வாங்கி வையுங்கள். காலி கேப்சூலை அவரே கொட்டட்டும்.