பற்றரி வேலைக்கு மகளை விடலாமா என்று கேட்ட முதலாம் குறுக்குத் தெரு அண்ணனுக்கு

அண்ணன், மின்கட்டமைப்புக்குப் பெரிய பற்றரி வைக்கிற துறைக்கு மகளை விடலாமா என்று கேட்டுப் போன கிழமை நீங்களும் மகளும் வந்து போன பிறகு உங்கள் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றது. "முப்பது வருஷமாகக் கடையில் பற்றரி விற்கிறேன், இரண்டு வருஷத்தில் செத்துப் போகிற சாமானை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கொடுக்கவா" என்று கேட்டீர்கள். பிள்ளை யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது. அன்று அடுத்த ஆள் வெளியே காத்திருந்ததால் ஒழுங்காகக் கதைக்க முடியவில்லை, அதுதான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாமான். நீங்கள் யூபிஎஸ்ஸுக்கு விற்பது ஈய அமிலப் பற்றரி, அதை அடிக்கடி அடிவரை இறக்கினால் சில நூறு தடவையில் ஆள் முடிந்தது. மின்கட்டமைப்புக்கு வைப்பது பெரும்பாலும் லிதியம் இரும்பு பொஸ்பேற்று, ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். ஆனால் அதைவிட அளவைப் பாருங்கள். இப்போது பரவலாக வருகிற ஒரு செல் 3.2 வோல்ட், 314 அம்பியர் மணி. கல்குலேட்டரில் பெருக்கினால் கிட்டத்தட்ட 1 கிலோவாட் மணி வரும், அதாவது உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற ஒரே ஒரு யூனிட். ஐந்தரைக் கிலோ அளவில் இருக்கும், ஒரு கையால் தூக்கலாம். அப்படிப்பட்ட ஐயாயிரம் செல்லை இருபது அடிக் கொள்கலன் ஒன்றுக்குள் அடுக்கி, குளிரூட்டத் தண்ணீர்க் குழாய் ஓட்டி, செல்களின் வெப்பத்தையும் வோல்ட்டையும் பார்த்துக்கொண்டிருக்க மின்னணுச் சாமானும் பூட்டினால் நாற்பது தொன்னுக்கு மேலே போகும். அதை இறக்கப் போகிற ஊர்ப் பாதையில் உள்ள மதகு தாங்குமா என்று பார்ப்பதே ஒரு ஆளின் வேலை.

சரி, இது எதற்கு இலங்கைக்கு? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும்தானே. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று அமைச்சர் சொல்ல, எல்லாரும் குரங்கை வைத்துப் பகிடி விட்டோம். குரங்கு சாட்டுத்தான். ஞாயிறு பகலில் பாவனை குறைவு, வெயில் நல்லாக எறிக்கிறது, கூரைகளில் உள்ள சூரியப்படல்கள் கொட்டித் தள்ளுகின்றன, அதனால் சுழல்கிற பெரிய இயந்திரங்கள் கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்து மிதித் தையல் மெஷினின் பெரிய சில்லை நினைத்துப் பாருங்கள், காலை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றும். நீர் மின்நிலையமும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் மின்கட்டமைப்புக்கு அந்தச் சில்லு மாதிரி. சூரியப்படலில் சில்லே கிடையாது. ஒரு அடி விழுந்ததும் 50 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் சரிய, தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை. பற்றரிக்கும் சில்லு இல்லைதான், ஆனால் பற்றரிக் கரண்டை மின்கட்டமைப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற அதன் இன்வேர்ட்டர் கண் மூடித் திறப்பதற்குள் கரண்டைத் தள்ளிவிடும். அவுஸ்திரேலியாவில் ஹோர்ன்ஸ்டேலில் 2017இல் 100 மெகாவாட் பற்றரி போட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது முக்கியமாக இந்த வேகத்துக்காகத்தான்.

இன்னொரு பக்கம், அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சார சபை கூரைச் சோலார் வைத்திருந்த ஆட்களைப் பார்த்துப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டது. லோன் எடுத்துப் போட்ட சாமானை நிறுத்து என்றால் ஆருக்குத்தான் கோபம் வராது. பகலில் வேண்டாம் வேண்டாம் என்கிற கரண்டுக்கு இரவு ஏழு மணிக்கு டீசல் எரிக்கிறோம், இதுதான் நம்முடைய கூத்து. 2025இல் சபை 16 இடங்களில், உபமின் நிலையங்களை ஒட்டி, தலா 10 மெகாவாட் பற்றரி போடத் தனியாரிடம் விலைமனு கேட்டது. ஒவ்வொன்றும் 40 மெகாவாட் மணி. ஏன் 40? நான்கு மணித்தியாலம் கொடுக்க வேண்டும். ஏன் நான்கு? சபையின் கட்டண அட்டவணையை எடுத்துப் பாருங்கள், உச்ச நேரம் என்று போட்டிருப்பது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. இந்தக் கணக்கை நான் அன்று சொல்லத் தொடங்கியபோது, முடிக்க முன்பே உங்கள் மகள் சொல்லிவிட்டது. எனக்கு அது அதன் பெறுபேற்றுத் தாளைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது.

இனி வேலை. "பற்றரி வேலை" என்று தனியாக ஒன்று கிடையாது அண்ணன், நான் சொல்ல வந்ததே அதுதான். ஒரு தளம் எழும்ப முன்பு ஒன்றிரண்டு வருஷம் கடதாசி வேலை நடக்கும். உபமின் நிலையத்துக்குக் கிட்ட காணி தேட வேண்டும், உறுதி சரியா, மழைக்கு வெள்ளம் நிற்குமா, மண் தாங்குமா என்று பார்க்க வேண்டும், இத்தனை மெகாவாட் வந்தால் அந்த 33 கிலோவோல்ட் பக்கம் தாங்குமா என்று கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும், வங்கிக்கு விளங்கப்படுத்த வேண்டும், ஊர் ஆட்களிடம் போய்க் கதைக்க வேண்டும். வவுனியாப் பக்கம் காணிக்காரரிடம் தமிழில், அலுவலகத்தில் சிங்களத்தில், வங்கியிலும் சீனாவிலிருந்து வருகிற பொறியியலாளரோடும் ஆங்கிலத்தில், இந்த மூன்றையும் தடுமாறாமல் செய்யக்கூடிய மின் பொறியியலாளர் நாட்டில் எத்தனை பேர்? கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பிள்ளைக்கு அது பிறந்ததிலிருந்து கையில் இருக்கிறது, நீங்கள்தான் அதைத் தகைமையாகக் கணக்கெடுக்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கட்டி முடிந்த பிறகு தளத்தில் நிற்கிற ஆட்கள் மிகக் குறைவு. கேட்டடியில் காவலாளி, இரண்டு மூன்று தொழினுட்பவியலாளர், மிச்சமெல்லாம் தூரத்தில் திரைக்கு முன்னால். ஆயிரம் வேலை வருகிறது என்று ஆராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். சபை வேலை, ஓய்வூதியம் என்ற பழைய கணக்கையும் இப்போது போட முடியாது, 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தோடு சபையைப் பிரிக்கிற வேலையே தொடங்கிவிட்டது. அதனால் பிள்ளை படிக்க வேண்டியது பற்றரி அல்ல, மின் பொறியியல். மின்கட்டமைப்புப் பகுப்பாய்வு, பழுது வந்தால் கரண்டைத் துண்டிக்கச் சொல்கிற பாதுகாப்பு ரிலே, இன்வேர்ட்டர், கொஞ்சம் நிரலாக்கம். நாளைக்கு லிதியம் போய் சோடியம் வந்தாலும் ட்ரான்ஸ்ஃபோமர் ட்ரான்ஸ்ஃபோமர்தான்.

நெருப்பு பற்றிக் கேட்டீர்கள். பயம் நியாயமானது. 2021 ஜூலையில் அவுஸ்திரேலியாவில் ஜீலோங்கிற்குக் கிட்ட, புதிதாகப் பூட்டிப் பரிசோதித்துக்கொண்டிருந்த பற்றரித் தளத்தில் இரண்டு பெட்டிகள் எரிந்தன. ஆருக்கும் காயம் இல்லை. உள்ளே குளிரூட்டித் திரவம் கசிந்திருக்கிறது, அந்த நேரம் பெட்டியைச் சாவி போட்டு நிறுத்தி வைத்திருந்ததால் கண்காணிப்பும் பெரும்பாலும் வேலை செய்யவில்லை. பாருங்கள், வாங்கின சாமானைவிடப் பூட்டின ஒழுங்கில்தான் விஷயம் இருக்கிறது. அந்த ஒழுங்கைப் பார்க்கிற ஆளாக உங்கள் மகள் இருக்கலாம், அதற்கு இரவு பகலாகத் தளத்தில் நிற்க வேண்டும், ஊர் ஊராகத் தங்க வேண்டும். பெண் பிள்ளை என்ற உங்கள் யோசனை எனக்கு விளங்குகிறது. அதில் நீங்களும் அவவும்தான் கதைத்து முடிவெடுக்க வேண்டும், நான் நடுவில் வரவில்லை. கணினியில் செய்கிற ஆய்வு வேலையும் இதே துறையில் நிறைய இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

படிப்பு: கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்கு மகளின் இந்த உயர்தர இசட் புள்ளியோடு மொரட்டுவைப் பல்கலைக்கழகம் கஷ்டம், அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் பேராதனை, றுகுணு, ஒலுவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி பொறியியல் பீடம் எல்லாவற்றையும் போடுங்கள். "கொழும்புப் பிள்ளையைக் கிளிநொச்சிக்கு அனுப்பவா" என்றீர்கள். ஏன் அனுப்பக் கூடாது? காற்றும் வெயிலும் வெறுங்காணியும் அங்கேதான், மன்னார்க் காற்றாலைகளும் எட்டிப் போய்ப் பார்க்கக்கூடிய தூரம். ஒன்றும் சரிவராவிட்டால் நாவலயில் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் படிப்பு இருக்கிறது, மட்டக்குளியில் உயர் தேசிய டிப்ளோமா உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான்.

தனியார் இடங்களில் கவனம். போன வருஷம் என்னிடம் வந்த ஒரு பொடியன் ஒரு நிறுவனத்தில் 'புதுப்பிக்கத்தக்க சக்தி டிப்ளோமா' என்று பெருங்காசு கட்டிவிட்டு வந்தான். நானே கூடப் போய்ப் பார்த்தேன். ஆய்வுகூடம் என்று காட்டிய அறையில் சுவரில் சாத்திய ஒரு சூரியப்படல், மேசையில் மூடி கழற்றாத ஒரு இன்வேர்ட்டர், விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. காசைத் திருப்பித் தரவில்லை. பட்டம் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, டிப்ளோமா என்றால் என்விக்யூ என்கிற தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம், இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

பெறுபேற்றுத் தாளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த பளபளப்பான புத்தகத்தையும் அன்று கண்டேன், கேட்கவில்லை. சனிக்கிழமை கடை பூட்டினதும் வெள்ளவத்தைக்கு வாங்கோ, அதையும் கொண்டு வாங்கோ. முற்பணம் இன்னும் கட்டவில்லைதானே?