ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சி வரைகோடு நடுவில் தட்டையாவது ஏன்?

கோடு நடுவில் தட்டையானதால் வேறு கிருமி கலந்துவிட்டதோ என்று தோன்றலாம்; அதற்கு வாய்ப்பு குறைவு. குளுக்கோஸ், லாக்டோஸ் இரண்டும் உள்ள ஊடகத்தில் ஈ.கோலை இடையில் அரைமணி நேரம் நின்று மறுபடி ஏறுவது இருகட்ட வளர்ச்சி. 1941-இலேயே பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மோனோ விவரித்ததுதான்.

குளுக்கோஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரை லாக்டோஸை செல்லுக்குள் இழுக்கும் பெர்மியேஸ் என்ற புரதம் முடங்கியிருக்கும்; லாக்டோஸ் மரபணுக்களை இயக்க உதவும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறும் குறைவு. குளுக்கோஸ் தீர்ந்ததும் தடை விலகும். ஆனால் லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி போதிய அளவு சேர நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம்தான் உங்கள் தட்டைப் பகுதி.

சோதிக்க, குளுக்கோஸை மட்டும் பாதியாக்குங்கள் (0.04% என்றால் 0.02%). கோடு தட்டையாகும் ஓ.டி. (செல் அடர்த்தியைக் காட்டும் ஒளி அளவீடு) அளவும் ஏறத்தாழ பாதிக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காற்றோட்டத்தைப் பாருங்கள். குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊடகம் வேண்டாம்.

எம்9 போன்ற குறைந்தபட்ச ஊடகத்தில்தான் (உப்புகளும் நாம் சேர்க்கும் சர்க்கரையும் மட்டும் உள்ளது) இது தெளிவாகத் தெரியும். எல்பி என்ற சத்து நிறைந்த ஊடகத்தில் அமினோ அமிலங்களைத் தின்றே வளர்ந்துவிடும், அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.