பியூரிட்டன் போதகர்கள் என்றால் சூனியக்காரிகளைக் கொன்றவர்கள்தானே? அவர்கள் வாழ்க்கையில் வேறு என்ன இருந்தது?

பியூரிட்டன்கள் என்றால் இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய கிறிஸ்தவர்கள்; பலர் அமெரிக்காவில் குடியேறினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் நடந்த சூனிய வழக்கைப் பற்றி எங்கோ பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1692இல் அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் போதகர்களுக்குப் பங்கு உண்டு. தூக்கில் தொங்கியவர்களிலும் ஜார்ஜ் பரோஸ் என்ற போதகர் ஒருவர் இருந்தார். ஆனால், அந்த ஓராண்டை வைத்து அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளை எடைபோடக் கூடாது.

ஜான் எலியட் என்ற பியூரிட்டன் போதகரைப் பாருங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்தவர். 1631இல் மாசசூசெட்ஸ் வந்தார். மறு ஆண்டு பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரி சபையில் பொறுப்பேற்றவர், 1690இல் இறக்கும்வரை அந்தச் சபையை விடவில்லை. ஆங்கிலேயர்கள் பிக்வாட் பழங்குடிகளோடு நடத்திய போரில் சிறைபிடிக்கப்பட்ட காக்கனோ என்பவரிடம் அந்த மண்ணின் பழங்குடி மொழியைக் கற்றார். 1663இல் அவர் மொழிபெயர்த்த முழு வேதாகமமும் அம்மொழியில் வெளிவந்தது. அமெரிக்காவில் அச்சான முதல் முழு வேதாகமம் அதுதான்.

காலனியத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கிறிஸ்தவர்களான பழங்குடிகளுக்காக எலியட் அமைத்த ‘ஜெப ஊர்களில்’ குடியேறியவர்கள் தங்கள் பழைய சடங்குகளைக் கைவிட வேண்டியிருந்தது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. 1675இல் பழங்குடிகளுக்கும் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கும் போர் மூண்டதும் ஆங்கிலேயர்கள் கிறிஸ்தவர்களாகிவிட்ட அம்மக்களையே சந்தேகித்து பாஸ்டன் துறைமுகத்திலுள்ள டீர் தீவில் அடைத்தார்கள். பசியிலும் குளிரிலும் பலர் மாண்டார்கள். பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்காதீர்கள் என்று எலியட் மனுக் கொடுத்தார். விற்பனை நிற்கவில்லை.

ஆனால் என் மனதில் தைத்தவர் ஜேம்ஸ் பிரிண்டர். நிப்மக் என்ற பழங்குடி இனத்தவர். 1659இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் சாமுவேல் கிரீன் நடத்திய அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். போரில் அழிந்துபோன வேதாகமத்தை மீண்டும் அச்சிட்டபோது, பொருள் புரிந்து எழுத்துக் கோக்கவும் பிழை திருத்தவும் தெரிந்தவர் இவர் ஒருவரே என்று எலியட் விஞ்ஞானி ராபர்ட் பாயிலுக்குக் கடிதம் எழுதினார். 1685இல் வந்த அந்தப் பதிப்பின் முகப்பில் சாமுவேல் கிரீன் பெயர் இருக்கிறது. இவர் பெயர் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆறவில்லை. நான் ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோத்தவன். ஒரு பெரிய சமய அகராதி எங்களிடம் வந்தது. கையெழுத்துப் படியில் ரகர றகரம் குழம்பிக் கிடக்கும். வசன எண்கள் மாறியிருக்கும். எங்கள் ஃபோர்மன் அண்ணாச்சி கையிலிருந்த ஸ்டிக்கை, அதாவது எழுத்துக் கோக்கும் சட்டத்தை, கீழே வைத்துவிட்டு, மை படாமல் இருக்க விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வேதாகமத்தைப் புரட்டி ஒவ்வொரு வசனத்தையும் சரிபார்ப்பார். கூலி பக்கக் கணக்கு. இதற்குத் தனிக் காசு கிடையாது. “பிழையோடு போனால் படிக்கிறவன் யாரைத் திட்டுவான், தம்பி?” என்பார். நூல் வந்தது. முன்னுரையில் காகிதம் கொடுத்த கடைக்குக்கூட நன்றி இருந்தது; அண்ணாச்சிக்கு இல்லை. நூலை வெளியிட்டவர்களிடம் நேரில் போய்க் கேட்டேன். “கூலி கொடுத்தாயிற்றே” என்றார்கள். எத்தனை நூல்களில் இப்படி! மொழிபெயர்ப்பாளர் பெயரை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் பதிப்பகங்கள் இன்றும் இருக்கின்றன.

1709இல் பாஸ்டனில் அதே பழங்குடி மொழியில் வேதாகமத்தின் சங்கீதங்கள் அடங்கிய நூல் ஒன்று அச்சானது. அதன் முகப்பில் பி. கிரீன் பெயரோடு ஜே. பிரிண்டர் என்றும் அச்சிட்டிருக்கிறது. எங்கள் அகராதி மறுபதிப்பும் கண்டுவிட்டது. அண்ணாச்சி பெயர் அதிலும் இல்லை.