எரிமலைத் தீவுக்குப் போகுமுன்: ரீயூனியன் குறித்த கேள்விகளும் பதில்களும்

மொரீஷியஸுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரீயூனியன் தீவில் ஒன்பது ஆண்டுகள் வசித்து, விடுமுறை நாள்களில் பெரும்பாலானவற்றை அதன் மலைப்பாதைகளில் கழித்தவன் என்ற தகுதியில், அங்கே சுற்றுலா செல்ல விரும்புவோரின் கேள்விகளுக்கு இன்று பதில் எழுத ஒப்புக்கொண்டேன். மலை, எரிமலை, கடல், சாப்பாடு ஆகியவை குறித்துக் கேளுங்கள். விமானக் கட்டணமும் விடுதித் தள்ளுபடியும் நான் அறிந்த துறைகள் அல்ல.

கேள்வி (மதுரை): ஐயா, நாங்கள் நான்கு பேர், பிள்ளைகளுக்கு வயது 10, 14. ஆறு நாள்கள் போதுமா? எந்த மாதம் செல்வது நல்லது?

பதில்: தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும், நடுவே மூவாயிரம் மீட்டர் உயர மலை நிற்பதால் எந்த இடத்துக்கும் சுற்றியே போக வேண்டியிருக்கும். ஆகவே ஆறு நாள்களில் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், பாதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். நம் பள்ளிகளின் மே மாத விடுமுறை உங்களுக்குச் சாதகமாகவே அமைகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மே முதல் அக்டோபர் வரை குளிர்ச்சியும் குறைந்த மழையும் உள்ள பருவம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் புயலும் சேர்ந்த பருவம். புயல் மழை என்றதும் சென்னை மழையை நினைத்துக்கொள்ள வேண்டாம். 2007 பிப்ரவரியில் காமேட் புயலின்போது, எரிமலைக்குச் செல்லும் வழியிலுள்ள கொமெர்சன் பள்ளத்தில் மூன்றே நாள்களில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னையின் இரண்டரை ஆண்டு மழையைவிட அது அதிகம்.

மூன்று இரவுகள் மேற்குக் கடற்கரையில் தங்குங்கள். தென்கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்றை மலைகள் தடுத்துவிடுவதால் அந்தப் பக்கம் வறண்டு, வெயிலோடு இருக்கும். மற்ற மூன்று இரவுகள் மலையூரான சிலாவோஸிலோ சலாசிப் பள்ளத்தாக்கின் எல்-பூர் கிராமத்திலோ தங்கலாம். மலைக்குச் செல்லும் நாள்களில் மட்டும் விடியுமுன்பே புறப்பட்டாக வேண்டும். வெயில் ஏறத் தொடங்கியதும் கடற்புறத்து ஈரக்காற்று சரிவுகளில் மேலேறி, குளிர்ந்து, மேகமாகிவிடுகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்குகள் மூடிக்கொள்ளும். மாய்டோ முனையில் காலை ஆறரைக்கு நிற்பவர் மஃபாத் பள்ளத்தாக்கை அதன் அடிவரை பார்க்கிறார். பதினொரு மணிக்கு வருபவர் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார். இந்த எச்சரிக்கையை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம்): அண்ணா, எரிமலைக் குழம்பு ஓடுவதை நேரில் பார்க்க முடியுமா? அதற்காகவே வர நினைக்கிறேன்.

பதில்: அதற்காகவே வந்தால் ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாக வாருங்கள், தம்பி. பிட்டோன் டெ லா ஃபூர்னேஸ் (உயரம் 2,632 மீட்டர்) உலகில் மிக அடிக்கடி சீறும் எரிமலைகளுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து 150க்கும் மேற்பட்ட வெடிப்புகள் பதிவாகியுள்ளன. ஆயினும் ஒரு வெடிப்பு சில மணி நேரத்தில் முடிந்துவிடலாம், பல வாரங்களும் நீடிக்கலாம். எப்போது தொடங்கும் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் நாளில் எவராலும் சொல்ல இயலாது. தொடங்கியவுடன், ஆன்க்லோ எனப்படும் பெரும்பள்ளத்துக்குள் இறங்கும் வாயிலை அரசு நிர்வாகம் மூடிவிடும். அப்போது விளிம்பிலிருந்தோ கடற்கரைச் சாலையிலிருந்தோ எட்ட நின்று பார்க்கும் வாய்ப்பு சில வேளைகளில் கிடைக்கும்.

இந்த எரிமலை பெரும்பாலும் வானளாவ வெடித்துச் சிதறும் வகையைச் சேர்ந்தது அன்று. அதன் குழம்பு நீர்த்தன்மை மிகுந்த பசால்ட் என்பதால் வாயு எளிதில் பிரிந்து வெளியேற, குழம்பு பிளவுகள் வழியே ஆறாக வழிகிறது. உயிரிழப்பு அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். பொருளிழப்பு வேறு கதை. 1977இல் குழம்பு வழக்கமான பள்ளத்துக்கு வெளியே பிளந்து வந்து, பிட்டோன் சேன்-ரோஸ் ஊரின் வீடுகளை அழித்து, தேவாலயத்தின் வாசலில் புகுந்து அங்கேயே நின்றுவிட்டது. மக்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அந்த நிகழ்வுக்குப் பிறகே, 1979இல், எரிமலைக் கண்காணிப்பு நிலையம் அமைந்தது. 2007 ஏப்ரலில் உச்சியிலுள்ள டொலோமியூ வாயின் தளம் 300 மீட்டருக்கும் மேலாக உள்ளே சரிந்தது.

நம்மோடு இதற்கு ஓர் உறவும் உண்டு. இத்தீவை எழுப்பிய அதே வெப்பப்புள்ளிதான் (பூமியின் ஆழத்திலிருந்து குழம்பு மேலெழும் இடம்), ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்திய நிலத்தட்டு அதன்மேல் நகர்ந்துகொண்டிருந்தபோது, தக்காணத்தின் பசால்ட் படுகைகளைக் கொட்டியது என்பது பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து. அஜந்தா குகைகள் குடையப்பட்ட பாறை அதுவே. பின்னர் அதன் தடத்தில் லட்சத்தீவும் மாலத்தீவும் அமர்ந்த கடலடி முகடு, மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். எனவே சூடான குழம்பைப் பார்க்க முடியாவிட்டாலும், ஆறிய குழம்பைப் பார்க்கும் கண்ணோடு வாருங்கள். கிராண் ப்ரூலே பகுதியின் கடற்கரைச் சாலையில், எந்த ஆண்டு எந்தக் குழம்பு சாலையைக் கடந்தது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பழைய ஓட்டத்தின்மேல் பெரணி முளைத்திருக்கும். புதியது வெறும் கரியாகக் கிடக்கும்.

கேள்வி (திருச்சி): ஷெங்கன் விசா கைவசம் இருக்கிறது. போதும்தானே?

பதில்: போதும் என்று எண்ணி விமானம் ஏறிவிடாதீர்கள். 1946 முதல் அது பிரான்ஸின் ஒரு மாவட்டம், அங்கே புழங்குவது யூரோ. ஆனாலும் ஐரோப்பிய நாடுகள் பொது விசாவுக்கு வகுத்துக்கொண்ட ஷெங்கன் எல்லைக்குள் அது வராது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): நான் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன், நன்றாக நீந்துவேன். அங்கே எந்தக் கடற்கரை சிறந்தது?

பதில்: உங்கள் நீச்சல் திறமைக்கும் நான் சொல்லப்போவதற்கும் தொடர்பில்லை. 2011 முதல் தொடர்ந்து நிகழ்ந்த சுறாத் தாக்குதல்களால், 2013இல் பவளத்திட்டுக்கு உட்பட்ட நீர்நிலை, காவலர் கண்காணிக்கும் பகுதிகள் ஆகியவற்றுக்கு வெளியே குளிக்கவும் அலைச்சறுக்கு விளையாடவும் தடை விதிக்கப்பட்டது. எர்மித்தாஜ், லா சலீன் பகுதிகளில் பவளத்திட்டின் உட்புறம் இறங்கலாம்; அங்கும் திட்டின் இடைவெளிகளை நோக்கி இழுக்கும் நீரோட்டம் உண்டு. எத்தாங்-சலேயின் கருமணலைப் பாருங்கள், வெயிலில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். யாருமில்லாத அழகிய கடற்கரை ஒன்று கண்ணில் பட்டால், அங்கே ஏன் யாருமில்லை என்று முதலில் யோசியுங்கள்.

கேள்வி (காரைக்குடி): நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: சோறு அவர்களுக்கும் தினசரி உணவு என்பதால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். சோறு, பீன்ஸ் அல்லது பருப்பு, கீரை, காரத் துணைக்கறி என்ற நான்கும் ஒரே தட்டில் வரும். சிலாவோஸ் மலையின் மைசூர்ப் பருப்பு வகை தீவெங்கும் பெயர்பெற்றது. சலாசியில் நம் சௌசௌ காடுபோல் படர்ந்து கிடக்கிறது. காயையும் சமைக்கிறார்கள், இளங்கொழுந்தைக் கீரையாகவும் சமைக்கிறார்கள். முருங்கைக் கீரைக்கு அங்கே "ப்ரேத் முருங்க்" என்று பெயர். பருப்பிலும் கீரையிலும் இறைச்சித் துண்டு சேர்ந்திருக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு உண்ணுங்கள். காரத் துணைக்கறியின் பெயர் ருகாய். நம் ஊறுகாய் என்ற சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி (காரைக்குடி, மீண்டும்): அப்படியானால் அந்தத் தீவின் சமையலே நம்முடையது என்று சொல்லலாமே?

கேள்வி (சென்னை): எந்தச் சொல்லைக் கண்டாலும் தமிழ் என்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. ருகாய் ஊறுகாய் என்பதற்கு ஒலி ஒற்றுமையைத் தவிர என்ன சான்று?

பதில்: இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சென்னை நண்பரே, இங்கே ஒலி மட்டும் பேசவில்லை. பிரெஞ்சு அகராதிகளே அச்சொல்லின் மூலம் தமிழ் என்று குறிப்பிடுகின்றன; அதைக் கொண்டுசென்ற மனிதர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமைமுறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியே பல்லாயிரம் தமிழர்கள் சென்றார்கள். அவர்களின் வழிவந்தவர்களை அங்கே மல்பார் என்கிறார்கள்.

காரைக்குடி அம்மையாரே, சொல் நம்முடையது என்பதால் பண்டமும் நம்முடையது ஆகிவிடாது. தக்காளி ருகாய் என்பது தக்காளி, வெங்காயம், மிளகாய், இஞ்சியை நறுக்கியோ இடித்தோ அன்றன்றே செய்து உண்பது. நாம் அதைப் பச்சடிக்கு அருகில் வைப்போமே தவிர ஜாடியில் ஊறவைக்க மாட்டோம். ருகாய் சொசிஸ் என்பதோ பன்றி இறைச்சி சாசேஜைத் தக்காளியில் வேகவைத்த முழுக்குழம்பு. காய்களை மெல்லியதாக நறுக்கி மஞ்சள், மிளகாய், எண்ணெய், வினிகரில் ஊறவைக்கும் பண்டம் ஒன்று அங்கே இருக்கிறது. அதைப் பார்த்தால் நீங்கள் ஊறுகாய் என்றே சொல்வீர்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அஷார், அதாவது வடஇந்தியர் சொல்லும் அச்சார். "காரி" என்னும் குழம்பில் மஞ்சளும் பூண்டும் இஞ்சியும் போக, ஐரோப்பிய மூலிகையான தைமும் விழுகிறது. நம் மசாலாப் பொடி விழுவதில்லை. பொடி போட்டதற்கு "மசாலே" என்று தனிப் பெயர்; ஆட்டிறைச்சி மசாலே மல்பார் வீட்டு விசேஷ உணவு. மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, பிரான்ஸ், சீனா, குஜராத் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களும் அந்த அடுப்பங்கரையில் நின்றிருக்கிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மல்பார் மக்களுடன் தமிழில் பேசலாமா? அவர்கள் மொழியை விட்டுவிட்டது வருத்தமாக இருக்கிறது.

பதில்: பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோலும் பிரெஞ்சும். வருத்தப்படுவது உங்கள் உரிமை. அதை அவர்களிடம் குறையாகச் சொல்லாதீர்கள். தோட்டத்தில் ஒப்பந்தம் எழுதியவர்கள் மொழிக்கு இடம் ஒதுக்கவில்லை. அப்படியிருந்தும் தீமிதியும் காவடியும் நின்றுவிடவில்லை. சேன்-ஆந்த்ரேயில் தைப்பூசத்தின்போது இருக்க நேர்ந்தால் சென்று பாருங்கள். விரதமிருந்து வருபவர்களின் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டாதீர்கள்.

கேள்வி (கோவை): குழம்பு ஓடுவதைப் பார்க்க எந்த மாதம் சிறந்தது?

பதில்: சேலத்துத் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். எரிமலைக்கு மாதம் கிடையாது.

கேள்வி (ஈரோடு): கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா?

பதில்: கார் இல்லாமல் மலைப்பகுதிகளுக்கு விடியுமுன் சென்று சேர்வது கடினம், ஆகவே எடுத்தே ஆக வேண்டும். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். மொரீஷியஸில் நம்மைப் போலவே இடப்புறம் என்பதால், அங்கே சில நாள் ஓட்டிவிட்டு ரீயூனியன் வருபவர்கள் முதல் வட்டச் சந்திப்பிலேயே திணறுகிறார்கள். சிலாவோஸ் சாலைக்கு "நானூறு வளைவுச் சாலை" என்று பெயர்; குறுகிய சுரங்கங்களில் ஒரு வண்டிக்குத்தான் இடம், ஒலிப்பானை அழுத்திவிட்டு நுழையுங்கள். வளைவுகளில் பழகும்வரை பகலில் மட்டும் ஓட்டுங்கள். விடியுமுன் புறப்படுவதற்கு வசதியாக முந்தைய இரவே மலையடிவாரத்தில் தங்கிவிடுவது நல்லது.

கேள்வி (புதுச்சேரி): என் தாயாருக்கு 68 வயது. மஃபாத்தை அவர் பார்க்க வழியுண்டா?

பதில்: மஃபாத்துக்குள் சாலை கிடையாது. கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் செல்ல முடியும். அங்கு வாழும் மக்களுக்கு மளிகைச் சாமானும் ஹெலிகாப்டரில்தான் போகிறது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. பெயரே அவர்களின் தலைவர் ஒருவருடையது. அம்மாவை மாய்டோ முனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம் வரை கார் போகும். கம்பளியாடை அவசியம். ஆறரை மணிக்கு.

கேள்வி (வேலூர்): டோடோ பறவையைப் பார்க்கலாமா?

பதில்: மொரீஷியஸின் பறவை அது, பதினேழாம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. ரீயூனியனில் அந்தப் பெயரில் இன்று கிடைப்பது பீர்.

கேள்வி (திருநெல்வேலி): எரிமலைக் கல் ஒன்றை நினைவாக எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. 2007இல் அமைந்த தேசியப் பூங்காவின் நிலம் அது. 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட.

கேள்வி (ஓசூர்): ஷெங்கன் விசா...

பதில்: திருச்சிக்குச் சொன்னதே.

கேள்வி (பெங்களூரு): நானும் நண்பரும் நன்கு நடப்பவர்கள். எரிமலை உச்சி, பிட்டோன் டெ நேஜ் ஆகிய இரண்டில் எது மேல்?

பதில்: நடப்பவர் கேள்வி கேட்க இவ்வளவு நேரமா? எரிமலைக்கு பா டெ பெல்கோம்ப் விளிம்பிலிருந்து 500க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, வெள்ளைக் குறியீடுகளைப் பிடித்தபடி உறைந்த குழம்பின்மேல் நடந்து, டொலோமியூ விளிம்பைப் பார்த்துத் திரும்ப ஐந்து மணி நேரம் ஆகும். வழியில் நிழலும் இல்லை, நீரும் இல்லை. பனிமூட்டத்தில் குறியீடுகள் மறைந்தால் திசை முற்றிலும் தவறிவிடும். அப்படி மறையத் தொடங்கினால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

3,070 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் டெ நேஜ், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் அடங்கிய எரிமலை. முதல் நாள் சிலாவோஸிலிருந்து ஏறி, 2,480 மீட்டர் அளவில் உள்ள கவேர்ன் துஃபூர் விடுதியில் இரவு தங்க வேண்டும். மாதங்களுக்கு முன்பே படுக்கை பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. அதிகாலை மூன்றரைக்குத் தலைவிளக்குடன் கிளம்பினால் சூரிய உதயத்துக்கு உச்சியில் இருப்பீர்கள். ஜூலையில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்கும். கையுறை எடுத்துச் செல்லுங்கள், நான் முதல் முறை கொண்டுபோகாமல் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நேஜ். எரிமலைக்குச் செல்லும் நுழைவாயில் மூடப்படுவது உண்டு. இந்த மலையைப் பெரும்பாலும் மூடுவது மேகம்தான், அதுவும் நீங்கள் இறங்கத் தொடங்கிய பிறகு.