மாரியில் கரண்ட் வெட்டி வெட்டி வந்து, பிறகு ஒரேயடியாகப் போவது ஏன்?

யாரோ சுவிட்சைப் போட்டு விளையாடுகிறார்கள் என்றுதான் எங்கள் பக்கமும் கதை. லைனில் பழுதைக் கண்டு பிரேக்கரை வெட்டச் சொல்லும் ரிலே என்ற கருவியைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே ஆளே இல்லை. ரீகுளோசர் என்ற பிரேக்கரும், அதை இயக்குகிற சின்னக் கணினியும்தான்.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் துணைமின் நிலையத்துக்கு 132 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரம் 33 ஆகக் குறைந்து ஊருக்குள் பிரிகிறது. இந்த லைன்களில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை கணநேரப் பழுதுகள். காற்றுக்கு ஒரு காவோலை இரண்டு கம்பிக்குக் குறுக்கே விழும், பொறி பறக்கும், ஓலை கருகி விழுந்துவிடும். ஆனால் மின்சாரம் இருக்கும்வரை அந்தப் பொறி அணையாது. அதனால் கணினி வெட்டிவிட்டு, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கொடுத்துப் பார்க்கிறது. மின்னோட்டம் மறுபடி எகிறினால் மறுபடி வெட்டும். மூன்று நான்கு தரம் பார்த்தும் சரிவராவிட்டால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆட்கள் வந்து லைனைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

எவ்வளவு விரைவாக வெட்டும்? பழைய ரிலேயில் மீட்டரில் சுற்றுவது மாதிரி ஒரு தட்டுச் சுற்றி அதைத் தீர்மானித்தது. இப்போது ஒரு சூத்திரம். ஐ.ஈ.சி. என்ற சர்வதேச மின் தர அமைப்பின் வழமையான வளைகோட்டில், தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் நேரப் பெருக்கியை 0.1 என்று வைத்தால், வெட்டுவதற்கென்று குறித்த அளவின் 2 மடங்கு மின்னோட்டத்துக்கு ஏறத்தாழ 1 செக்கன், 10 மடங்குக்கு 0.3 செக்கன்.

எனக்குப் பிடித்த கெட்டித்தனம் வேறு. முதல் வெட்டை மிக விரைவாகவும் அடுத்ததைத் தாமதமாகவும் வைக்கலாம். முதல் வெட்டு, ஒரு ஓலைக்காகக் கிளை லைன் பியூஸ் எரியாமல் காப்பாற்றும். பழுது நிலைத்துவிட்டால், தாமதிக்கிற நேரத்தில் அந்தப் பியூஸ் மட்டும் எரிந்து, மற்றவர்களுக்குக் கரண்ட் தொடர்ந்து இருக்கும். பக்கத்து ஒழுங்கையில் லைட் எரிய உங்கள் ஒழுங்கை மட்டும் இருட்டாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தக் கம்பியில், எத்தனை மணிக்கு, எத்தனை அம்பியர் என்பதையும் அந்தக் கணினி பதிந்து வைக்கும்.

கரண்ட் இப்படி வெட்டி வெட்டி வந்தால், ஃபிரிட்ஜையும் மோட்டரையும் கழற்றிவிட்டு, கரண்ட் நிலையாக நிற்கிறதா என்று கொஞ்சநேரம் பாருங்கள்.

இன்னொன்று. காய்ந்த தரையிலோ எங்கள் சுண்ணாம்புக் கல்லிலோ அறுந்து விழுந்த கம்பியில் சில அம்பியர்தான் ஓடக்கூடும். ஊரின் சாதாரணப் பாவனையைவிட அது குறைவு, கணினிக்குத் தெரியாமலே போகலாம். வெட்டியிருந்தாலும் சில செக்கனில் திரும்பக் கொடுக்கலாம். ஆகவே வீட்டில் கரண்ட் இல்லை என்பதை நம்பி அறுந்த கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள். பக்கத்தில் ஆடு கட்டியிருந்தாலும் அவிழ்க்கப் போக வேண்டாம், முதலில் மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.