முதுகுத்தண்டு பாதிப்பால் வேலைக்குப் போக முடியவில்லை. அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

இந்த உதவிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வேலை பார்த்த காலத்தில் சம்பளத்திலிருந்து நீங்கள் கட்டிய சந்தாவை வைத்துத் தருவது. இன்னொன்று, வருமானமும் சொத்தும் குறைவாக இருப்பவர்களுக்கு அரசு நிதியிலிருந்து தருவது. ஒன்றில் தகுதி இல்லாவிட்டாலும் மற்றதில் கிடைக்கலாம். இரண்டையும் விசாரியுங்கள்.

பலர் சறுக்குவது மருத்துவச் சான்றில்தான். நோயின் பெயரை மட்டும் எழுதிய சான்று பெரிதாக உதவாது. அந்த நோயால் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்பதைத்தான் அதிகாரி பார்ப்பார். எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது, மாதத்தில் எத்தனை நாள் படுக்கையிலேயே கழிகிறது என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன், மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

படிவம் நிரப்பும்போது, வலி குறைந்த நாளை நினைத்து 'எப்படியோ சமாளிக்கிறேன்' என்று எழுதிவிடுவோம். கௌரவம் பார்க்கிற இடம் அது அல்ல. அதற்காக மிகைப்படுத்தவும் வேண்டாம். பழைய மருத்துவக் குறிப்போடு முரண்பட்டால் மொத்த விண்ணப்பமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

சரி, நிராகரித்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம். அனுப்பிய தாள்களையே திரும்ப அனுப்பாமல், விடுபட்ட சான்றைச் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம், இடையில் பகுதிநேர வேலை கிடைத்தால் மறைக்காதீர்கள். பிறகு தெரியவந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.