புல் முளைத்த பிறகும் வண்டல் குளத்தைக் கவனிக்க வேண்டும்: கேள்வி பதில்

மூடிச் சீரமைத்த நிலக்கரிச் சுரங்கங்களின் நீர்க் கண்காணிப்புப் பற்றிக் கொழும்பு நண்பர்கள் கேட்டவை. அளவுகள் தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் அமெரிக்க விதிகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

சுரங்கத்தை நிரப்பி, மேலே புல்லும் வந்துவிட்டது. பிறகும் குளம் எதற்கு அண்ணா? (மாணவி, வெள்ளவத்தை)

நிரப்பிய மண் இறுக வருடங்கள் ஆகும் தங்கச்சி. புல் வேர் பிடிக்கும் முன் ஒரு பெருமழை வந்தால் சரிவு முழுதும் ஓடைக்குள் போய்விடும். அந்த நீரைத் தேக்கி மண்ணை அடியில் படியவிடுவதுதான் வண்டல் குளம். அதனால்தான் கடைசியாக விதை போட்டு 2 வருடங்கள் ஆகும் முன் குளத்தை அகற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. நிலத்தைச் சீரமைப்பதற்கு உறுதியாகக் கம்பனி கட்டிய பிணைப்பணமும் முழுதாகத் திரும்புவதற்குக் குறைந்தது 5 வருடம் ஆகும். வருட மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் 10 வருடம்.

எங்கள் நீர் மாதிரிகள் தெளிவாகவே இருக்கின்றன. அப்போ பிரச்சினை இல்லைதானே? (கொட்டாஞ்சேனை)

அப்படி நம்பிவிடாதீர்கள். நிலக்கரியோடு பைரைட் என்ற இரும்பு சல்பைட் இருக்கும். அதில் காற்றும் நீரும் படும்போது கந்தக அமிலம் உண்டாகும், இரும்பு கரைந்து வரும். ஊற்றாகக் கசியும் அந்த நீர் பார்வைக்குச் சுத்தம். ஒரு போத்தலில் பிடித்து வைத்துப் பாருங்கள், காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரம் போனதும் அடியில் செம்மஞ்சள் படிவு இறங்கத் தொடங்கும். ஓடையில் அதே படிவு கற்களை மூடிப் பூச்சிகளையும் மீன் முட்டைகளையும் கொல்கிறது.

ஆகவே பிஎச் (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) அளவைக் குளக்கரையிலேயே எடுங்கள், ஆய்வுகூடம் போய்ச் சேர்வதற்குள் அது மாறிவிடும். கரைந்த உப்புகளைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அங்கேயே பாருங்கள். இரும்பு, மங்கனீசு பார்க்கும் போத்தலுக்கு நைத்திரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், முடிவு பொய்யாக வரும்.

வண்டலுக்கு எவ்வளவு வரை அனுமதி? (தெஹிவளை)

வேலை நடக்கும் சுரங்கத்தில் தொங்கும் திண்மங்களுக்கு (நீரில் படியாமல் நிற்கும் நுண்துகள்களுக்கு) ஒரு நாளின் உச்சம் லீற்றருக்கு 70 மில்லிகிராம், 30 நாள் சராசரி 35. சீரமைத்த நிலத்தில் கணக்கு வேறு: படியும் வண்டல் லீற்றருக்கு 0.5 மில்லிலீற்றரைத் தாண்டக் கூடாது, பிஎச் 6க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும்.

படியும் வண்டலை அளக்க இம்ஹோஃப் கூம்பு போதும், அது அடிநுனியில் அளவுக் கோடுகள் போட்ட ஒளி ஊடுருவும் கூம்பு. ஒரு லீற்றரை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். 45 நிமிடம் கழித்துச் சுவரில் ஒட்டியதைக் கோலால் மெதுவாகத் தட்டிவிட்டு, இன்னும் 15 நிமிடம் பொறுத்து, அடிநுனியில் உள்ள அளவை வாசிக்க வேண்டும்.

எனக்கு இந்த அளவு மட்டும் போதாது. 2 மைக்ரோன் களித்துகள் அசையாத நீரில் ஒரு மீற்றர் இறங்கவே மூன்று நாளுக்கு மேல் பிடிக்கும். கூம்பில் அது தெரியாது. மேலே உள்ள நீர் அரிசி கழுவிய தண்ணீர் போல நிற்கும், கூம்போ சுத்தம் என்று சொல்லும். தொங்கும் திண்மங்களையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

எப்போது மாதிரி எடுப்பது?

காலாண்டுக்கு ஒரு தடவையாவது எடுப்பது கட்டாயம். ஆனால் நாலு தடவையும் வெயில் நாளில் போனால் வண்டலைப் பற்றி ஒன்றும் தெரியவராது. குளம் வேலை செய்கிறதா என்பது மழையில்தான் தெரியும். வெளிவாயிலில் தானியங்கி மாதிரிக் கருவி வையுங்கள், நீரோட்டத்தையும் அளந்து எழுதுங்கள். மழைக்குள் தனியாக யாரையும் அனுப்பாதீர்கள்.

குளத்தின் அணைக்கட்டில் எதைப் பார்க்க வேண்டும்? (தொழில்நுட்ப அலுவலர், மருதானை)

முதலில் அணையின் அடிவாரம். அங்கே தெளிந்த நீர் கசிந்தால் அளவெடுத்துக் குறித்து வையுங்கள். கலங்கி வந்தால் அணையின் உள்மண் கழுவப்படுகிறது. அதே நிமிடம் பொறியியலாளருக்குச் சொல்லுங்கள், அறிக்கை எழுதுவதெல்லாம் அப்புறம். எலி வளை, மரவேர், புதுவெடிப்பு எதையும் விடாதீர்கள். 1972 பெப்ரவரி 26 அன்று மேற்கு வேர்ஜீனியாவின் பஃபலோ கிறீக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள்.

நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கமே இல்லையே?

இல்லை, ஆனால் நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிக்கும் கரி வேறு யாரோ ஊரில் தோண்டியதுதானே. இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளிலிருந்தும் கருங்கல் குவாரிகளிலிருந்தும் கலங்கி ஓடும் நீருக்கு இதே கூம்பும் இதே பிஎச் மானியும்தான் வேண்டும். மானியைப் பிஎச் 7, பிஎச் 4 தெரிந்த கரைசல்களில் வைத்து அளவுதிருத்திவிட்டு எடுத்துப் போங்கள்.